பதினோரு பேர் கட்டிய பாட்டு

ஏப்ரல் 22, 1957
திருவிழாப் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சொந்த மெட்டாக இருக்க வேண்டுமாம். ஊரே முணுமுணுக்கிற மெட்டு என்னுடையதுதானே! ஸ்வரம் எழுத வராது, யாரிடமும் கற்றதில்லை. பாடிக் காட்டினால் போதும் என்றார் போட்டி நடத்தும் க்ரிசாந்தோ வாத்தியார். விழா மலரில் என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். பரிசு ஆடுகூட வேண்டாம்.

(ஆடும் வேண்டும்.)

ஏப்ரல் 25
வாத்தியார் என் பெயரை அடித்துவிட்டார். "ஏம்ப்பா தீக்யோ, இந்த மெட்டத் தானே கட்டுனதா பதினோரு பேரு பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கான். பன்னெண்டாவதா நீ வேறயா?"

வயிறு எரிகிறது. அந்தப் பதினோரு பேருக்காகவும், பெண்ணை மயக்க ராத்திரியில் அவள் வீட்டு ஜன்னலடியில், கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்று பாடியவன் நான். அவன்கள் முன்னால் நின்று வாயசைத்தான்கள். ஆளுக்கொரு கோழி வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மெட்டைக் கொடுத்தேன். பெண்ணின் பெயரை மட்டும் மாற்றுவேன். தப்புதான். அதற்காக?

ஏப்ரல் 26
உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன்.

ஏப்ரல் 27
என் சலூனில் ஒரே கூட்டம். விஷயம் எப்படியோ கசிந்து பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். தலையில் ஒரு முடி இல்லாத கறிக்கடை பொன்சோகூட நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். "அண்ணே, வாயத் தொறந்துடாதீங்க. அந்தப் பாட்டுக்காகத்தான் அவ என்னக் கட்டிக்கிட்டா. வேற எதுக்குக் கட்டிக்குவா? என்னப் பாருங்க!"

பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது.

ஏப்ரல் 30
வாத்தியார் சொன்னது பரவி, மீன் சந்தையில் பெண்டாட்டிகளுக்குள் அடிதடி. "எனக்குக் கட்டுனதுடி!" "போடி, எனக்குக் கட்டுனத உன் புருஷன் திருடிட்டான்!" பொன்சோ பெண்டாட்டி கருவாட்டாலேயே விளாசியிருக்கிறாள்.

மே 3
கணவன்மார்கள் கூடிப் பேசி முடிவுகட்டிவிட்டார்கள்: அது ஆதிகாலத்துப் பாட்டாம், பெண்டாட்டி பெயரைச் சேர்த்தது மட்டும் அவரவராம். பொன்சோவின் தாத்தா அதைப் பாடிக்கொண்டேதான் செத்தாராம். வாத்தியாருக்கும் சின்ன வயதில் கேட்ட ஞாபகம் வருகிறதாம். அடப்பாவிகளா, நான் கட்டியே ஒன்பது வருஷம்தானேடா ஆகுது!

"நான் போய்ச் சொல்றேன்" என்று கையில் கரண்டியோடு கிளம்பினாள் என் மனைவி ரெஸ்டிடுதா. நான்தான் பிடித்து நிறுத்தினேன். பதினோரு குடும்பம். என்னத்தைச் சொல்ல —

மே 15
திருவிழா. மலரில்: "பழம்பாடல். இயற்றியவர் தெரியவில்லை." போட்டியில் இல்லாவிட்டாலும் பாடச் சொன்னார்கள், பாடினேன். இரண்டாவது அடியில் ஒருத்தன் "தப்பு! தப்பு!" என்று கத்தினான். கூட்டமே சேர்ந்து எனக்குச் சரியாகப் பாடிக் காட்டியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 9
பழம்பாடல் சேகரிக்கிறவர் ஒருவர் செபூ பட்டணத்திலிருந்து கப்பலில் வந்தார். ஊரார் என்னிடம்தான் அனுப்பினார்கள். பாடினேன்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யாருகிட்டயும் இல்லீங்க. தானா வந்துது."

"ஆகா, பரம்பரையா வர்றது!" என்று எழுதிக்கொண்டார். பிறகு என் பெயரைக் கேட்டார். தீக்யோ என்று சுருக்காமல் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். சரிபார்க்கச் சொல்லி நோட்டைத் திருப்பிக் காட்டினார். பாட்டுக்குக் கீழே: "பாடிக் காட்டியவர் — யூட்டிகியோ லபாஸ்தீதா, முடிதிருத்துபவர்."

அழுதுவிட்டேன்.

"பழைய பாட்டுன்னா அப்படித்தாங்க" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.