கையுறையில் உட்கார்ந்த குருவி

இனாரி, பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

சென்ற வாரம் நான்கு நாள் வெளியூர் போனேன். சன்னலுக்கு வரும் பட்டாணிக்குருவிகளுக்குத் தீனி வைக்க ஆளில்லை. திரும்பியபோது குளிர் மைனஸ் முப்பத்துநான்கு. அவற்றில் ஒன்றான நொண்டிக்கால் குருவியை மட்டும் காணோம்.

“பனியில தீனி போட ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது, மேதாவி! உன்னை நம்பித்தானே இங்க தங்கிச்சுங்க?” என்றாள் பக்கத்து வீட்டு ஐலா. அன்றே சன்னலில் தீனியை நிரப்பி வைத்தேன்.

நேற்று விதையோடு கையை நீட்டினேன். நொண்டி வந்து உட்கார்ந்தது! கட்டைவிரல் அளவு உடம்பு, அத்தனை குளிரையும் தாண்டியிருக்கிறது. மூச்சுவிடவும் பயந்து நின்றேன். தடித்த கையுறையில் அதன் எடையே தெரியவில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. விரல்நுனி இல்லாத உன் கையுறையை அனுப்பு, அம்மா. அந்தக் கால்கள் என் தோலில் படவேண்டும்.

உன் மகள்,
மெர்யா