முப்பத்தொன்றுக்கு ஒரு யானைக்குட்டி

4, திங்கள்
விடியலிலிருந்து தூறல். உடுப்பும் காயவில்லை, கார்ட்டும் காயவில்லை.
வெள்ளிக்கிழமை தங்கச்சி கவிதாவின் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள், துடக்குக் கழிவு. எங்களுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ரதி அக்கா சொல்லித்தான் தெரியும். வேலைக்கு, கவிதா இருக்கும் நெடுங்கேணிக்குப் போய்வருகிறவர். கையால் செய்த கார்ட் ஒன்று அவரிடம் கொடுத்துவிட யோசனை. அம்மாவுக்குத் தெரியாமல்.
யானைக்குட்டி இறப்பர் முத்திரை. வடிவாகத்தான் விழுந்தது. ஈரத் தூரிகை பட்டதும் கோடெல்லாம் கரைந்து ஊதாக் குழம்பு. இவர் வேலைசெய்யும் கந்தோரிலிருந்து கொண்டுவந்த மை. அது கரையுமென்று யார் கண்டது!

5, செவ்வாய்
கிளிநொச்சிச் சந்தைப் பக்கம், புத்தகக் கடை. தண்ணீரில் கரையாத மை கேட்டேன்.
"எலெக்சனுக்கு விரல்ல பூசுறதோ அக்கா?" கடைக்காரிக்குச் சிரிப்பு. கடைசியில் கறுப்பு ஒன்று கிடைத்தது.
இதுவரை விளங்கியவை:
- முதலில் மெல்லிய நிறம், காய்ந்த பிறகு கடும் நிறம்.
- தாளை நனைத்துவிட்டு நிறம் தொட்டால் தானே பரவும். எங்கே நிற்கும், தெரியாது.
- நிறம் கூடினால் பஞ்சால் ஒற்றலாம்.
விளங்காதது: உள்ளே என்ன எழுதுவது? அவள் மலையகக் குடும்பத்துப் பெடியனைக் கட்டியபோது, "எனக்கு இனித் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை" என்றேன். நாலு வருடம். அம்மா சாதி பார்த்தார், நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இப்போது யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

6, புதன்
கோடு கரையவில்லை, அப்பாடா. காய்ந்ததும் யானை முழுக்க வெள்ளைப் படை. தாளா? நிறமா? தூரிகையா? மூன்றையும் மாற்றினேன். அதே படை. அழுகை வந்தது.
தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைக் கழுவும்போது பார்த்தால் அடியில் அதே வெள்ளை. எங்கள் கிணற்றுத் தண்ணீர்! சுண்ணாம்பு! காசுக்கு வாங்கும் குடிதண்ணீர்க் கானிலிருந்து அரைக் கோப்பை எடுத்தேன்.
"குடிக்கிற தண்ணியிலயோ படம் கீறுறாய்? உனக்கென்ன விசரே?" இவர்.
"ஓம், விசர்தான்."

7, வியாழன்
யானை சரி. சாம்பல் உடம்பு, காதுக்குள் மெல்லிய றோஸ்.
எழுதிப் பார்த்துக் கிழித்தது ஒன்பது தாள். 'வாழ்த்துகள்' ஊரார் எழுதுவது. 'மன்னித்துக்கொள்' சரிதான், கை ஓடவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ரதி அக்காவிடம் கேட்க வெட்கம்.

8, வெள்ளி
ஆறு மணிக்கே வாசல் படலையில் ரதி அக்கா. "தாறதெண்டால் கெதியாத் தாடி, பஸ் போயிடும்!" உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன். உள்ளே வெறுமை.
கறிக்கு இரண்டு தரம் உப்பு.
நாலரைக்கு போன். தெரியாத நம்பர்.
"அக்கா, கார்ட்டுக்குள்ள ஒண்டும் எழுதேல்லயே?"
"எழுதத் தெரியேல்லையடி."
அந்தப் பக்கம் பிள்ளை அழும் சத்தம்.
"என்ன பிள்ளையடி?"
"பொம்பிளைப்பிள்ளை. நாளைக்கு வந்து பாருங்கோ." பிறகு, "ஆனா அம்மாட்டச் சொல்லிப்போட்டு வாங்கோ. ஒளிச்சு வாறதெண்டால் வர வேண்டாம்."
அம்மா குசினியில், தேங்காய் துருவுகிறார். கார்ட்டையே ஒளித்துச் செய்தவள் நான். எப்படித் தொடங்க? குசினிக்குள் போகிறேன், சொல்லத்தான்.