ஏழுக்கு நடுவே ஒரு கோடு

அன்புள்ள லூயி அண்ணே,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. அதனால் நேராகச் சண்டைக்கே வருகிறேன்.

உங்கள் எதிர் வீட்டை, அந்த ஏழாம் எண் வீட்டை, நான் காலி செய்கிறேன். பிஜூவால்தான். நாயை அனுப்பு, இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் நீ கிளம்பு என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். மழையில் நனைந்து நம் கேட்டுக்குள் வந்த குட்டிக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தானே? "பிஜூன்னு கூப்புடு தங்கச்சி. பிரெஞ்சுல நகைன்னு அர்த்தம். உன் கழுத்துலதான் ஒண்ணும் இல்லியே" என்று கேலி செய்தீர்கள்.

வீடு தேடி அலைந்த கதையைக் கேளுங்கள். ரெட்டியார்பாளையத்தில் ஒருவர் முதலில் என் சாதியைக் கேட்டார், அப்புறம் நாயின் சாதியைக் கேட்டார். நாட்டு நாய் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. லாஸ்பேட்டையில் ஓர் அம்மா, "நாய் தாராளமா இருக்கட்டும்மா. மொட்ட மாடியில கட்டிப்போட்டுடு, காவலுக்கும் ஆச்சு" என்றார். இந்த வெயிலில், துண்டு நிழல் இல்லாத மாடியில்! உங்கள் காலடியில் படுத்துத் தூங்கிய நாய் அண்ணே அது.

போன வருஷம் பிஜூவைப் பற்றிச் சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனதே, நினைவிருக்கிறதா? மூன்றாவது மாடி ரஹீமா அக்காதான் எழுதியிருப்பார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். முஸ்லிம்களுக்கு நாய் ஆகாது என்ற என் அரைகுறை அறிவுதான் காரணம். உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் அவரைத் திட்டித் தீர்த்தேன். நீங்கள் காபியை ஆற்றிக்கொண்டே தலையாட்டினீர்கள். "வுடு தங்கச்சி, மனுஷங்க அப்பிடித்தான்" என்றீர்கள். அன்றிலிருந்து அவர் படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன வாரம் செயலாளரிடம் சண்டை போட்டு அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். கீழே பெயர் இல்லை. ஆனால் '7ஆம் எண் வீட்டு நாய்' என்ற இடத்தில், ஏழுக்கு நடுவே ஒரு சிறு கோடு. "எங்க பிரெஞ்சு ஸ்கூல்ல ஏழுக்கு இடுப்புல பெல்ட்டு கட்டாம வுடமாட்டாங்க" என்று சிரிப்பீர்களே, அதே கோடு. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். எல்லாமே உங்கள் கையெழுத்து.

தேதியையும் பார்த்தேன். நீங்கள் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம். பிஜூ குரைத்ததில் தூக்கம் கெட்டதா? பயந்துவிட்டீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள் கதவுக்கும் என் கதவுக்கும் நாலு எட்டுதானே? கடிதத்தைக்கூட மன்னித்துவிடலாம். ஒரு பாவமும் அறியாத பெண்ணை நான் திட்டும்போது எதிரே உட்கார்ந்து தலையாட்டினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை ஏமாற்றினீர்கள். அவருக்கு என் கையாலேயே அநியாயம் செய்ய வைத்தீர்கள்.

ரஹீமா அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நாய் எச்சி எம்மேல பட்டுட்டா தொழுவறதுக்கு முன்னாடி கழுவிக்கணும், அவ்ளோதான். அதுக்குப் போயி யாராச்சும் கடுதாசி போடுவாங்களா?" என்றார். நான் அழுதுவிட்டேன். மறுநாளே கதிர்காமத்தில் தன் சின்னம்மா வீட்டுக் கீழ்ப்பகுதியை எனக்குப் பேசி முடித்துக் கொடுத்தார். சத்தமில்லாத தெரு. பின்பக்கம் கொய்யா மரத்து நிழல். "எங்க மாடிக்கு மட்டும் வராம பாத்துக்கம்மா" என்பதோடு சின்னம்மாவின் நிபந்தனை முடிந்தது.

நாளைக்குச் சாமான் ஏற்றுகிறோம். இன்றும் ஐந்து மணிக்குப் பிஜூ உங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள், நீங்கள் பிய்த்துப் போடும் ரொட்டி முனைக்காக. தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன், மெழுகுவத்தி ஏற்றுவேன். அதற்குள் கோபம் தீருமா, தெரியவில்லை. வாசலில் தடுக்காவிட்டால் அவளையும் கூட்டி வருவேன். ஒன்று மட்டும் சத்தியம் அண்ணே, அவளிடம் உங்கள் பெயரைக் கெடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருக்கக்கூடிய உங்கள் தங்கச்சி,
செல்வி