மூன்று கட்டங்களும் ஒரு டம்ளரும்

என்னங்க, வணக்கம். முதுகுவலி தணிந்ததா? மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

இந்த வெளிநாட்டுப் பள்ளியில் ஒரு வேடிக்கை நடந்தது. கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, அமெரிக்கக் கண்டங்களில் குடியேறியவர்களை ஒப்பிட்டுப் பாடம் நடத்தினேன். ஸ்பானியர் அந்த மண்ணின் பெண்களை மணந்தார்கள், பிறகு பிள்ளைகளை நிறம் பார்த்துத் தரம் பிரித்தார்கள். பிரெஞ்சுக்காரர் விலங்குத்தோல் வியாபாரம் நடக்கும்வரை உறவு கொண்டாடினார்கள். ஆங்கிலேயர் குடும்பத்தோடு வந்து வேலி போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், உங்கள மாதிரி வெளிநாட்டு டீச்சருங்க கப்பை மட்டும் தனி அலமாரியில வைக்கிறாங்களே, அது எந்தக் கட்டம்?”

வகுப்பே சிரித்தது. வாய் கிழியப் பாடம் நடத்திய நானும் சிரித்தேன்.

மாலையில் இதைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியை என் தோளில் தட்டினார். “நல்லவேளை, சிரிச்சு விட்டுட்டீங்க. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் பாருங்க.” அன்பாகத்தான் சொன்னார். உறவு, வியாபாரம், வேலி என்று மூன்று கட்டமும் அந்த ஒரு கையில் இருந்தன.

மகளை இங்கே சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவளும் அதே கேள்வியைக் கேட்பாள், அவளிடம் சிரித்து மழுப்ப என்னால் முடியாது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், என் பெயர் வெட்டிய டம்ளரைக் கொடுத்தனுப்புங்கள். அது அலமாரிக்குப் போகாது, என் மேஜைமேலேயே இருக்கும். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.