உங்களுக்கு நடக்காமல் போன பிரியாவிடை

என் மரியாதைக்கும் சண்டைக்கும் உரிய யோகநாதன் சேர்,

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. கெலிஓயாவில் மூன்று நாளாக மழை. பொதி செய்யும் பகுதிக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்ல அல்ல. பெருமையான செய்தி ஒன்று இருக்கிறது. இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புசல்லாவைத் தோட்டத்துப் பெண். என் இடது கை முழங்கையோடு முடிந்துவிடும்; பிறந்ததே அப்படித்தான். கண்டியைச் சுற்றி வேலை தேடி நான் ஏறி இறங்கிய கந்தோர்களில் எல்லாம் சான்றிதழை விட்டுவிட்டு என் சட்டைக் கையைத்தான் பார்த்தார்கள். நீங்கள் இந்தத் தேயிலைக் கம்பனியின் ஆளணி முகாமையாளர். நேர்முகத்தில் இரக்கத்தோடு, "டைப்பிங் சோதினை உமக்கு வேண்டாம், பிள்ளை" என்றீர்கள்.

"எல்லாருக்கும் வச்சா எனக்கும் வைங்க, சேர்."

வைத்தீர்கள். இரண்டாவதாக வந்தேன். அன்றைக்கே எனக்குக் கோபக்காரி என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

எனக்குப் பிறகு இன்னும் ஐந்து பேரை எடுத்தீர்கள். காது கேளாத இரண்டு பேர், பார்வை குறைந்த ஒருவர், ஊன்றுகோலோடு வருகிற இரண்டு பேர். கம்பனிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வருடாந்த அறிக்கையில் 'சமூகப் பொறுப்பு' என்று தனிப் பக்கம் வந்தது. படம் எடுக்க வந்தவர் என்னிடம், "மிஸ், சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சு விடுங்க, தெரியட்டும்" என்றார். நீங்கள் அறையிலிருந்து ஓடிவந்து, "அந்தப் பிள்ளை வேலை செய்யிறதை எடும்! கையை எடுக்க வேண்டாம்!" என்று சத்தம் போட்டீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு உங்களை உண்மையாகவே பிடித்துப்போனது.

பிறகு உங்களுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு மட்டும் தப்பியது; வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, விலகுவதாக நீங்களே உங்கள் மனைவியைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினீர்கள். "பாவம் சேர், ஓய்வெடுக்கட்டும்" என்று எல்லோரும் சொன்னார்கள். மாலை, கேக், நினைவுப் பரிசு என்று பிரியாவிடைக்கு நாளும் குறித்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். நானும் ஒரு மூலையில் நின்று அழுதேன்.

அந்த வாரம்தான் புது அறிக்கையின் தமிழ்ப் பக்கங்கள் பிழை பார்க்க என் மேசைக்கு வந்தன. என் படம். அதன் கீழே, 'எமது நிறுவனத்தில் எல்லோருக்கும் இடமுண்டு'. எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. எல்லோருக்கும் என்றால், இத்தனை வருஷம் உள்ளேயே இருந்த மனிதருக்கு எங்கே இடம்?

சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோரக் கதிரையில் இருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கையெழுத்துப் போட ஏலாதவனுக்கு அங்கை என்ன வேலை, பிள்ளை?"

"அப்ப எனக்குக் குடுத்தது வேலை இல்ல, சேர். பிச்சை."

"விசர்க்கதை கதையாதை. உன்ரை விஷயம் வேறை."

"என்ன வேற? நீங்க குடுக்கிறவங்க, நாங்க வாங்கிக்கிறவங்க, அதானே?"

தேநீரோடு வந்த அக்கா, உங்கள் மனைவி, வாசலிலேயே நின்றுவிட்டார். வாயைக் கொடுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இடது கையால் உங்கள் சட்டையைப் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்: "சேட்டுப் பொத்தானை நீ எப்பிடிப் பூட்டுறனீ?"

அன்றைக்கு நான்கு பொத்தானுக்கு அரை மணித்தியாலம் போயிற்று. நான்காவதை நீங்கள் பூட்டியபோது அக்கா அழுதார். நான் அழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

திங்கட்கிழமை கம்பனியை நடத்தும் பணிப்பாளரிடம் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "யோகநாதன் சேரை அனுப்புறதா இருந்தா என் படத்தை எடுத்துடுங்க, சேர். அது பொய்" என்று சொல்லிவிட்டேன். நான் நீட்டிய அறிக்கைப் பக்கத்தை அவர் வாங்கிக்கொண்டார். "அவருக்கு என்னென்ன தேவை?" என்றுதான் கேட்டார். மாடியில் இருக்கும் அறை கீழே வரவேண்டும். முதல் இரண்டு மாதம் அரைநாள். இடது கைக் கையெழுத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் தேவைப்பட்டது, சேர். இதற்காகவா நாங்கள் உங்களை இழக்கப் பார்த்தோம்?

ஓடர் கொடுத்த கேக்கை நிறுத்த முடியவில்லை. மேலே எழுதியிருந்த 'பிரியாவிடை'யைக் கத்தியால் வழித்துவிட்டு, கேக்கை உங்களையே வெட்டச் சொன்னோம். அதன்பிறகு கடைசிவரை, நான்கு வருஷம் வேலை செய்தீர்கள். உங்கள் இடது கைக் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். அதைப் பார்த்து முதலில் சிரித்ததும் நீங்கள்தான்.

இப்போது செய்திக்கு வருகிறேன். வத்தேகமவிலிருந்து வருவாரே, லொறி சாரதி சுனில், பாதை விஷயத்தில் உங்களோடு எப்போதும் வாதாடினவர், அவருக்கு இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தத்தால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கேள்விப்பட்டதும் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். ஆனால் உங்கள் இடத்துக்கு வந்த பெண் முகாமையாளர் அவருடைய கோப்போடு எனக்கு முன்னாலேயே காத்திருந்தார். "லொறிகளை அனுப்புற பொறுப்பை சுனிலுக்குக் குடுப்பமா? அவருக்குத் தெரியாத ரோட்டு இல்லையே" என்றார். பாவம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிரியாவிடைக்கு ஒருவரும் நாள் குறிக்கவில்லை. சண்டைக்கு வந்தவளுக்கு வேலையே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமையை யாரிடம் சொல்வது? உங்களிடம்தானே.

சுனில்தான் மாட்டேன் என்கிறார். நொண்டிக்கு என்ன வேலை என்று போனில் கத்தினார். நாளைக்கு வத்தேகமவுக்குப் போகிறேன். என் கையைக் காட்டி ஒன்றும் சொல்லமாட்டேன். உனக்குப் பிறவியிலேயே பழக்கம் என்று அவர் தட்டிவிடுவார், அது ஒருவகையில் நியாயமும்கூட. உங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எங்களையெல்லாம் வேலைக்கு எடுத்த மனிதர், தன்னையே வேலைக்கு எடுக்க எவ்வளவு பயந்தார் என்று சொல்வேன். பயந்துகொண்டே திரும்பி வந்தார் என்றும் சொல்வேன். அவர் வரும்வரை அந்தக் கதையை விடமாட்டேன், சேர். இது சத்தியம்.

நீங்கள் பெறாத, ஆனால் வாய்நிறையக் கூப்பிட்ட,
உங்கள் பிள்ளை
செல்வராணி