துலாவில் கட்டிய சிவப்புத் துணி

வேலணை கிழக்கு,
28 மார்கழி 1981.

அன்புத் தம்பி சோமாஸ்கந்தனுக்கு,

அம்மாள் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு அக்கா எழுதுவது.

இதைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்குப் போகிற ஜசிந்தா ரீச்சரின் கையில் கொடுத்துவிடுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: பொங்கலுக்கு நீ பிளேனை ஓட்டிக்கொண்டு வரக்கூடாது. பொறு, கோபிக்காதே, முழுவதையும் படி.

எங்கள் தரவைப் புல்வெளியில் நீ வந்து இறங்குகிற ஓடுபாதையை மூடச் சொல்லி ஐப்பசியில் ஆமிக்காரர் ஜீப்பில் வந்து சொன்னார்கள். உன் அத்தானைத் தெரியும்தானே! "என்ர காணி, என்ர மச்சான் இறங்கிறான், உங்களுக்கென்ன?" என்று கேட்டுவிட்டார். அடுத்த கிழமை ஆட்களோடு வந்து பாதைக்குக் குறுக்கே ஆளுயரக் கிடங்கு வெட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போதும் இந்த மனிசனுக்கு வீம்பு போகவில்லை. நீ காற்றுப் பார்ப்பதற்காகத் தண்ணீர் இறைக்கிற கிணற்றுத் துலாவின் நுனியில் கட்டுகிற சிவப்புத் துணியை இறக்க மாட்டேனென்று நின்றார். "அவிழ்த்தா மூடினதை ஒத்துக்கொண்டதாப் போயிடும்" என்றார். துணி பறந்தால் இறங்கலாம் என்றுதானே உனக்கும் எங்களுக்கும் பேச்சு, பொடியன் நம்பி இறங்கினால் என்ன கதி என்று கத்தினேன். கேட்டால்தானே!

இந்த முறை நல்ல மழை. புகையிலைக் கன்றுகளைக்கூட இரண்டாந்தரம் நடவேண்டி வந்தது. கிடங்கில் தண்ணீர் நிரம்பிப் பாசி படர்ந்து, சுற்றிவரப் புல்லும் வளர்ந்து, எது தரை என்று தெரியவில்லை. போன கிழமை சரவணமுத்து அண்ணையின் பசு அதற்குள் விழுந்து கால் முறிந்து செத்துப்போனது. அந்தத் தரவையிலேயே மேய்ந்து வளர்ந்த பசு. அதைப் பார்த்துவிட்டு வந்த அத்தான் நேரே போய்த் துணியை அவிழ்த்தார்.

மறுநாள் விடியவே ஜீப் வந்தது. துணி எங்கே என்று கேட்டார்கள். அத்தானையே துலாவில் ஏற்றிப் பழையபடி கட்டவைத்தார்கள். அயல் முழுக்க வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. போகும்போது ஒருவன், "பொங்கலுக்குத் தம்பி வாறதுதானே, துணி இருக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து அத்தான் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நீ வருவதை நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. அது வந்தபோது உறை பிரிந்து திரும்ப ஒட்டியிருந்தது. மழையில் நனைந்ததாக்கும் என்று நான், மூளையில்லாத மொக்கி, பேசாமல் விட்டுவிட்டேன். கிடங்கைப் பற்றி நான் போட்ட இரண்டு கடிதமும் உனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் "துணியைக் கட்டி வை அக்கா" என்று எழுதியிருப்பாயா? தந்தி அடிக்கலாமென்றால் தபால் கந்தோர் வாசலிலும் அவர்களின் ஆள் ஒருவன் குந்தியிருக்கிறான். உன்னில் என்னத்தைக் கண்டார்களோ தெரியவில்லை.

இனி அவிழ்த்தால் அத்தானைக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகையால் துணி பறந்துகொண்டுதான் இருக்கும். அது நாங்கள் உனக்குக் கட்டியதல்ல, தம்பி.

சத்தியபாமா, மாமா மேலே சுற்றும்போது ஆட்டிக் காட்டவென்று வெள்ளை றிபன் வாங்கி வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜசிந்தா பொங்கல் கழிந்துதான் திரும்புவாள். இது உன் கையில் சேர்ந்ததா என்று அதுவரை எனக்குத் தெரிய வழியில்லை. பதில் போடாதே, அதையும் அவர்கள்தான் முதலில் படிப்பார்கள். நீ வரும்போதெல்லாம் உன் பிளேன் சத்தம் கேட்டவுடன் அகப்பையும் கையுமாக முற்றத்துக்கு ஓடி வருவேன். இந்த முறை அந்தச் சத்தம் என் காதில் விழக்கூடாதென்று நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்திருக்கிறேன்.

எங்கிருந்தாலும் நல்லாயிரு, என்ர ராசா. வந்துவிடாதே.

உன் அக்கா,
இராசேஸ்வரி