உச்சிக்குழியில் நின்ற விரல்

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் தன் பச்சைக்குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். குழந்தையின் தலையிலிருந்து எண்ணெயும் பாலும் கலந்த வாசனை வந்தது. உச்சிக்குழியின் மேல் பட்டுவிடக் கூடாதென்று கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

என் பாப்பா பிறந்த புதிதில் அவளுக்கும் இதே வாசனைதான். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். தலை ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. போகப்போகத் தலை பெரிதாகிக்கொண்டே வந்தது. "பெரிய மண்ட, கலெக்டர் ஆவும் பாரு" என்று தெருவே கொஞ்சியது. ஆனால் அவள் குடித்த பாலையெல்லாம் கக்கினாள். படுக்கவைத்தால் வீறிட்டாள். வீட்டுக்காரர் கம்பெனி ஷிப்டே கதியென்று கிடந்தார். அவருடைய அண்ணன் மனைவியாக ஒரே வாசலில் குடியிருந்த உன்னை விட்டால் எனக்கு யார்?

நாற்றுக்கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்ததிலிருந்து உனக்குக் கழுத்துப்பிடிப்பு, தலைவலி. அதற்காகக் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்வந்துகொண்டிருந்தாய். கைரோபிராக்டிக் படித்தவர். ஊசி, மாத்திரை இல்லாமல் கையாலேயே கழுத்தையும் முதுகையும் சரிசெய்பவர். தலையைக்கூட மெல்லத் தொட்டு வலியை இளக்குவார் என்று சொல்வாய்.

"கொயந்திங்களுக்கும் பாக்குறாங்களாம். இட்டுக்கினு போலாம் வா" என்றாய்.

"ஐயோ, பச்ச மண்டக்கா. அமுக்கிட்டா இன்னா பண்றது?"

"நான் கீறேன் இல்ல."

மாகறல் தாண்டிப் பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது பாப்பாவின் தலையை என் மார்போடு அணைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. நீதான் மேசையில் ஏறிப் படுத்தாய். "மொதல்ல எனக்குப் பண்ணுங்கம்மா. இவ பாக்கட்டும்."

டாக்டரம்மா உன் பின்மண்டைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து அப்படியே வைத்திருந்தார். அழுத்தியதாகவே தெரியவில்லை. உன் நெற்றிச் சுருக்கம் மெதுவாகப் பிரிந்தது. பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி இமைமேல் விரலை வைத்தார். "இவ்வளவு அழுத்தம்தான். இதுக்கு மேல குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். ஈ உட்கார்ந்தது போலிருந்தது. அதற்குப் பிறகுதான் பாப்பாவை நீட்டினேன்.

அவர் உடனே ஆரம்பிக்கவில்லை. நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். விரல் அங்கேயே நின்றது. பாப்பா அழவும் இல்லை, முக்கவும் இல்லை. ஆனாலும் அந்த இடம் காற்றடைத்த பந்து போல விம்மியிருந்தது. முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கருவிழி கீழே இறங்கியே நின்றது. கையை எடுத்துவிட்டார்.

"இதுல நான் கை வைக்கக் கூடாதும்மா. கையால சரியாகுற விஷயம் இல்ல இது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க."

'கை வைக்கக் கூடாது' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் பாப்பாவின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே போனேன். அவள் கண் சொக்கும்போதெல்லாம் நீ உள்ளங்காலைக் கிள்ளினாய். அவள் அழுதால்தான் நம் இருவருக்கும் மூச்சு வந்தது.

ஸ்கேன் எடுத்துவிட்டு, தலைக்குள் நீர் சேர்ந்திருக்கிறது, குழாய் வைத்து வயிற்றுக்கு இறக்க வேண்டும் என்றார்கள். நான் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். "வூட்டுக்குப் போயிரலாங்கா. செத்தாலும் என் மடியிலயே சாவட்டும்" என்றேன்.

நீ திட்டவில்லை, தேற்றவும் இல்லை. என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாய். உன் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. "எனக்கும் பயமாத்தாண்டி கீது. எய்ந்திரு" என்றாய். ஆபரேஷன் அறை வாசல்வரை என்னை விடவே இல்லை.

அவள் பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அந்தக் குழாய் மெல்லிய நரம்பு போலத் தட்டுப்படும். தலைவாரும்போது நான் அங்கே பார்ப்பதில்லை.

போன மழைக்காலத்தில் உன் காய்ச்சலுக்கு அதே வராந்தாவில் உன் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடந்தேன். அந்த முறை நீ திரும்பவில்லை.

சென்ற வாரம் பாப்பா தலை வலிக்கிறது என்று சொல்லி வாந்தி எடுத்தாள். குழாய் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகுமென்று சொல்லியிருந்தார்கள். அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்துவிட்டு, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, சாதாரண ஜுரம் என்றார்கள். அதைக் கேட்பதற்கு முன், பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழையும்போது அவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கை இப்படி ஆடுது?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

"பயமா கீதுடி" என்றேன். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.